கரடிப் பொம்மைக்கும் கைப்பிடிச்சுவர் வேண்டும்

தியானப் பகுதி: உபாகமம் 22:8

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,

இவ்வாரத் தியானத்தின் பொருளைக் கேட்டு உங்களில் சிலர் புன்னகைக்கக்கூடும். பேரப்பிள்ளைக்கு இணையத்தில் பஞ்சுப் பொம்மை வாங்குவதைப் பற்றியே எழுதுகிறேன்.

நம் சபைக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் வேலையின் நிமித்தம் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள். பேரப்பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள். வாடிப்பட்டியிலிருக்கும் தாத்தாவும் அப்பத்தாவும் அம்மாச்சியும் அந்த முகங்களைக் கைபேசித் திரையிலேயே காண்கிறார்கள். பிறந்தநாள் வருகிறது, கிறிஸ்துமஸ் வருகிறது. அதே கைபேசியில் ஒரு டெடி பியர் படத்தைத் தொட்டுப் பணம் கட்டி, முகவரியில் மகன் வீட்டை எழுதிவிடுகிறார்கள். பொட்டலம் எங்கிருந்தோ புறப்பட்டு நேரே குழந்தையின் கையில் சேருகிறது. அனுப்பியவர்கள் அதைத் தொட்டதுமில்லை, பார்த்ததுமில்லை.

இந்த வழக்கத்தை எதிர்த்தே எழுதுகிறேன். இணையத்தில் வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. பஞ்சுப் பொம்மை தவறு என்றும் சொல்லவில்லை. கையால் தொடாத, கண்ணால் பாராத ஒரு பொருளை, நம் பெயரைச் சொல்லி, ஒரு குழந்தையின் வாய்க்கும் படுக்கைக்கும் அனுப்பிவைப்பது தவறு என்கிறேன். அதை நாம் அன்பு என்று அழைக்கிறோம். சரியாகச் சொன்னால் அது கவனக்குறைவு.

இவ்வளவு சிறிய காரியத்துக்கு ஒரு தியானமா என்று கேட்பவர்களுக்கு உபாகமத்தின் இருபத்திரண்டாம் அதிகாரத்தைக் காட்டுகிறேன். புதிதாக வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிலும் ஒரு கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும் என்றும், அப்படிச் செய்யாமல் எவராவது தவறி விழுந்தால் அந்தப் பழி வீட்டின்மேல் வரும் என்றும் அங்கே கட்டளையிடப்பட்டிருக்கிறது. வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் ஒரு சாதாரணக் குடியானவனின் மாடிச் சுவரைக் குறித்துச் சட்டம் கொடுக்கிறார். வீட்டுக்காரனுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா என்ற கேள்வி அங்கே எழவில்லை. அவன் யோசிக்காமல் இருந்ததே குற்றமாயிற்று. நல்லெண்ணத்தோடு கொடுத்தோம் என்பது போதாது. கொடுத்தது தீங்கு செய்யாதபடி பார்த்துக்கொண்டோமா என்பதே வேதம் கேட்கும் கேள்வி.

குழந்தைக்கு ஒரு பஞ்சுப் பொம்மை என்னவாக இருக்கிறது என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் 1951-இல் வாசித்து 1953-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதை ஆராய்ந்தார். தாயின் அணைப்பிலிருந்து வெளியுலகுக்கு வரும் நாட்களில், குழந்தை ஒரு போர்வையையோ பொம்மையையோ தனக்கென்று பற்றிக்கொள்கிறது. தாய் அருகில் இல்லாத நேரத்தில், முக்கியமாக உறங்கப்போகும் நேரத்தில், அதையே ஆறுதலாகக் கொள்கிறது என்று அவர் விளக்கினார். அழுக்கேறி நாறினாலும் பெற்றோர் அதைத் துவைக்கத் தயங்குகிறார்கள், ஏனெனில் அந்த வாசனை மாறினாலும் குழந்தைக்கு அது வேறு பொருளாகிவிடும் என்றும் அவர் கவனித்தார். ஆகவே நீங்கள் அனுப்பும் கரடி ஒரு மூலையில் கிடக்கும் பொருளாக இருக்கப்போவதில்லை. அது குழந்தையின் வாயிலும் கன்னத்திலும் படுக்கையிலும் ஆண்டுக்கணக்கில் இருக்கப்போகிறது. உங்கள் மடியில் உறங்கவேண்டிய பிள்ளை அதன் மடியில் உறங்கும். அந்த இடத்துக்கு எதை அனுப்புகிறோம் என்று பார்க்க வேண்டாமா?

ஆபத்து என்று நான் சொல்வது கற்பனையன்று. ஒட்டிவைத்த கண் பெயர்ந்து வரும். அது குழந்தையின் தொண்டைக்குள் போகும். தையல் பிரிந்தால் உள்ளிருக்கும் பஞ்சு வாய்க்குள் போகும். கழுத்து ரிப்பன் இறுகும். பாடுகிற பொம்மைக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், ஓரிரு மணி நேரத்துக்குள் அது உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கக்கூடும். ஒரு வயது நிரம்பாத குழந்தை உறங்குமிடத்தில் எந்தப் பஞ்சுப் பொம்மையும் இருக்கக்கூடாது, மூச்சுத் திணறும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் தெளிவாகச் சொல்கிறது. நம்மிலோ பிறந்து மூன்று மாதமான பேத்தியின் தொட்டிலருகே அவளைவிடப் பெரிய கரடியை உட்காரவைத்துப் படமெடுத்து மகிழ்கிறவர்கள் உண்டு.

இங்கே வேறொரு குரலுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். மிருகப் பொம்மைகளில் பிசாசு குடியிருக்கும், ஆகையால் அவற்றை வீட்டில் வைக்கக்கூடாது என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை உங்களில் பலர் வாசித்திருப்பீர்கள். சிலர் அதை நம்பிப் பிள்ளைகளின் பொம்மைகளை எரிக்கவும் துணிகிறார்கள். பிரியமானவர்களே, பத்துக் கட்டளைகள் தடைசெய்தது உருவங்களை வணங்குவதையே. சாலொமோன் கட்டிய ஆலயத்தின் வெண்கலக் கடல் தொட்டியைப் பன்னிரண்டு காளைகளின் உருவங்கள் தாங்கின. அவனது சிங்காசனத்தின் படிகளில் பன்னிரண்டு சிங்கங்கள் நின்றன. நாத்தான் தீர்க்கதரிசி தாவீதுக்குச் சொன்ன உவமையில், ஏழை ஒருவன் தன் ஒரே ஆட்டுக்குட்டியை மகளைப்போல மடியில் வளர்க்கிறான். அந்தப் பாசத்தை வேதம் எங்கும் பழிக்கவில்லை. இல்லாத பிசாசுக்கு அஞ்சி ஜெபம் ஏறெடுக்கிறவர்கள், பெயர்ந்து தொங்கும் பொத்தான் கண்ணை ஒரு விரலால் இழுத்துப் பார்ப்பதில்லை. பயப்படவேண்டிய இடத்தில் பயப்படாமல், பயப்படத் தேவையில்லாத இடத்தில் நடுங்குவது விசுவாசம் ஆகாது.

நாம் பார்த்து வாங்கத் தெரியாதவர்களா? நம் ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, சொத்தை இருக்கிறதா என்று காம்போரம் நோக்குகிறார். தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்க்காமல் எவரும் பையில் போடுவதில்லை. ஆடு வாங்கப் போனவர் பல் பிடித்துப் பார்க்கிறார். அலங்காநல்லூர், பாலமேடு பக்கத்தில் காளைக்கன்று வாங்குகிறவர் சுழி பார்க்கிறார், திமில் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். ஒரு வேளைக் குழம்புக்குரிய காய்க்கு இத்தனை சோதனை செய்யும் கைகள், பேரன் ஐந்து ஆண்டு கட்டிப்பிடித்து உறங்கும் பொம்மையை மட்டும் ஐந்து நட்சத்திரத்தை நம்பி வாங்குகின்றன.

அந்த நட்சத்திரங்களை இட்டவர் யார்? உண்மையில் வாங்கியவரா, கூலிக்கு எழுதியவரா? இணைய மதிப்புரைகளில் போலி மிகுந்துவிட்டதனாலேயே இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் அவற்றுக்கென்றே ஐ.எஸ். 19000 என்னும் தரநிலையை வெளியிட நேர்ந்தது. படமோ இன்னும் எளிதாக ஏமாற்றும். மூன்றடிக் கரடி என்று படத்தில் நிற்பது, காற்று உறிஞ்சப்பட்ட உறைக்குள் தட்டையாக வந்து சேர்ந்து, எத்தனை தட்டினாலும் பாதியளவே உப்புகிறது.

டெடி பியர் என்ற பெயரே ஒரு படத்தினால் வந்தது. 1902 நவம்பரில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பி மாநிலத்துக்கு வேட்டைக்குச் சென்றார். உடன் சென்றவர்கள் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்து அவரைச் சுடச் சொன்னார்கள். கட்டுண்ட விலங்கைச் சுடுவது வீரமன்று என்று அவர் மறுத்தார். கிளிஃபோர்ட் பெரிமேன் என்னும் ஓவியர் அதை வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் கேலிச்சித்திரமாக வரைந்தார். பின்னர் அவர் வரைந்த படங்களில் அந்தக் கரடி அழகிய சிறு குட்டியாயிற்று. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் கடை வைத்திருந்த மோரிஸ் மிச்டம் அதிபரின் செல்லப்பெயரால் டெடியின் கரடி என்று ஒரு பொம்மையைச் செய்து விற்றார். உலகம் அறிந்த கதை இதுவே. ஆனால் உண்மையில் அது குட்டியன்று. வளர்ந்த கரடி, வேட்டைநாய்களால் காயப்பட்டது. அதன் வேதனையை முடிக்கும்படி அதிபரே சொல்ல, கத்தியால் கொல்லப்பட்டது. படம் காட்டியது பாதி, மறைத்தது பாதி. இன்று உங்கள் திரையில் சிரிக்கும் கரடிக்கும் படம் மறைத்த பாதி ஒன்று இருக்கலாம்.

அந்த மறைந்த பாதியைப் பார்க்கவே அரசு ஒரு சட்டத்தைத் தந்திருக்கிறது. பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020-இல் பிறப்பிக்கப்பட்டு, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக இந்தியாவில் விற்கப்படும் பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தாக வேண்டும். மின்சாரமோ பேட்டரியோ இல்லாத பொம்மைகளுக்கு ஐ.எஸ். 9873, அவை உள்ளவற்றுக்கு ஐ.எஸ். 15644. பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் மட்டும் விலக்கு உண்டு. இந்தத் தரநிலையின் பின்னால் மெய்யான சோதனைகள் இருக்கின்றன. கண்ணையும் தையலையும் இழுத்துப் பார்க்கிறார்கள். தீப்பிடித்தால் எவ்வளவு வேகமாக எரிகிறது என்று பார்க்கிறார்கள். சாயத்திலிருந்து ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் வெளிவருகின்றனவா என்று பார்க்கிறார்கள். 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருளை இருக்கிறது. சின்னக் குழந்தையின் தொண்டையை மனத்தில் கொண்டு வகுத்த அளவு அது. மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மையிலிருந்து பிரிந்து வரும் துண்டு அதற்குள் முழுதும் அடங்கிவிட்டால் அந்தப் பொம்மை தேறாது. இதைவிடத் தெளிவான கைப்பிடிச்சுவரை நான் அறியேன்.

சட்டம் இருந்தால் போதுமா? 2023 ஜனவரியில், முத்திரையில்லாத பொம்மைகள் விற்கப்பட்டதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், ஃபிளிப்கார்ட், ஸ்னாப்டீல் ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது. அதையொட்டிய ஒரு மாதத்தில் பெருங்கடைகளிலிருந்து 18,600 பொம்மைகள் பறிமுதல் செய்யப்பட்டதாக அரசு தெரிவித்தது. அவை விமான நிலையங்களிலும் பேரங்காடிகளிலும் இருந்த கடைகள். 2025 மார்ச் 7 அன்று லக்னோவிலுள்ள அமேசான் கிடங்கு ஒன்றில் சான்றிதழ் இல்லாத 215 பொம்மைகளைத் தர நிர்ணய அமைவனம் கைப்பற்றியது. பெரிய பெயர் காவலாகாது என்பதற்கு இவை சாட்சி. நம் ஊர்த் திருவிழாக் கடைக்கும் இதே சட்டந்தான். ஆனால் திருவிழாக் கடையில் நீங்கள் பொம்மையைக் கையில் எடுத்துப் பார்க்கிறீர்கள். திரையில் அதுவும் இல்லை.

"அந்தக் காலத்தில் எந்த முத்திரையைப் பார்த்து வளர்ந்தோம்? மண்ணில் புரண்டோம், நன்றாகத்தானே இருக்கிறோம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மெய்தான். நுங்கு வண்டி உருட்டினோம், பனையோலைக் காற்றாடி சுற்றினோம், கண்மாய்க் களிமண்ணில் மாடு செய்தோம். ஆனால் அவற்றைச் செய்தவர் யார் என்று நமக்குத் தெரியும். நாமே செய்தோம், அல்லது அண்ணன் செய்தான், அல்லது தெருமுனைத் தச்சர் செய்தார். செய்தவரின் முகம் தெரிந்த உலகில் முத்திரை தேவைப்படவில்லை. இன்று செய்தவர் எந்த நாட்டவர் என்றும் நமக்குத் தெரியாது. அறிமுகம் போன இடத்தில்தான் முத்திரை வந்து நிற்கிறது. பழைய காலத்தைச் சாட்சிக்கு அழைக்கிறவர்கள் அந்தக் காலத்தின் விழிப்பையும் சேர்த்து அழைக்கட்டும்.

"அப்பா, நீங்கள் ஏன் அலைகிறீர்கள்? பணத்தை ஜிபேயில் போட்டுவிடுங்கள், நானே ஆர்டர் செய்து தாத்தா கொடுத்தது என்று சொல்லிவிடுகிறேன்" என்று சொல்லும் மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கரிசனையோடுதான் சொல்கிறீர்கள். ஆயினும் அதனால் உங்கள் பெற்றோரிடம் மிஞ்சியிருக்கும் ஒரு வேலையையும் பறித்துக்கொள்கிறீர்கள். சாமுவேலின் தாய் அன்னாளை நினையுங்கள். மகனைச் சீலோவில் ஏலியிடம் விட்டுவிட்டு ஊரில் இருந்தாள். ஆண்டுதோறும் அவனுக்கு ஒரு சிறு மேலங்கியைத் தைத்து, ஆராதிக்கப் போகும்போது தானே எடுத்துச் சென்றாள். மகன் ஓராண்டில் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனத்தால் அளந்துதான் ஒவ்வொரு முறையும் துணியை வெட்டியிருக்கவேண்டும். சீலோவில் துணி கிடைக்காமல் அவள் அதைச் சுமக்கவில்லை. தூரத்திலிருக்கும் பிள்ளையை நினைக்க அவளுக்கு அது ஒரு வேலையாயிருந்தது. பொம்மையைத் தேர்ந்து, தடவிப் பார்த்து, பொட்டலம் கட்டும் அந்த ஒரு மணி நேரம் தாத்தாவுக்கும் அம்மாச்சிக்கும் உரியது. அதை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள்.

ஆகவே செய்யவேண்டியது இதுதான். இணையத்திலேயே வாங்குங்கள், ஆனால் முகவரியில் உங்கள் வீட்டை எழுதுங்கள். பணம் கட்டுமுன் விற்பவரின் பெயரும், செய்யப்பட்ட நாடும், குழந்தையின் வயதளவும் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பொட்டலம் வந்ததும் பிரியுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள், அதன் மேலே தரநிலை எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கவேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்னும் கைபேசிச் செயலியில் இட்டால் அது மெய்யான உரிமமா என்று தெரிந்துவிடும். உங்கள் வீட்டு வாலிபப் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். சி.இ. என்ற எழுத்துகளைக் கண்டு திருப்தியடையாதீர்கள். அது ஐரோப்பியச் சந்தைக்குரிய குறி; இங்கே ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு ஈடாகாது.

பின்பு கண்ணையும் மூக்கையும் பலமாக இழுத்துப் பாருங்கள். சின்னக் குழந்தைக்கு நூலால் பின்னிய கண்ணே மேல். தையல் ஓரமெல்லாம் விரலை ஓட்டுங்கள். ரிப்பனை அவிழ்த்துவிடுங்கள். ஈரத்துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். மண்ணெண்ணெய் போல நாற்றம் அடித்தால் ஏற்காதீர்கள். குறை கண்டால் உடனே திருப்பி அனுப்புங்கள். விற்றவர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். எல்லாம் சரியாயிருந்தால் அடுத்த முறை பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது மடியில் வைத்துக்கொண்டு போங்கள். இயலாவிட்டால் தபாலில் அனுப்புங்கள்.

கடல்கடந்த பேரப்பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அங்கேயே வாங்கட்டும், ஆனால் குழந்தையிடம் கொடுக்குமுன் காணொலி அழைப்பில் உங்கள் கண்முன்னே உங்கள் மகள் அதை இழுத்துப் பார்க்கட்டும். கையில் பணமில்லாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். ஆறடிக் கரடியைப் பிள்ளை கேட்கவில்லை. உறவினர் மெச்சவேண்டும் என்று நாம்தான் கேட்கிறோம். ஒரு சாண் பொம்மை போதும். தையல் தெரிந்த அம்மாச்சி பழைய பருத்திச் சேலையில் ஒரு கன்றுக்குட்டியைத் தைத்து, நல்ல இலவம்பஞ்சை அடைத்து, இரட்டைத் தையல் போட்டு, கண்ணை நூலால் பின்னினால், பேரன் அதில் அம்மாச்சியின் வாசனையையே அறிவான்.

பிரியமானவர்களே, கர்த்தர் நமக்குத் தந்த பேரப்பிள்ளைகள் நம் சுதந்தரம். கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று தள்ளிப்போடாமல், ஏற்கெனவே அனுப்பிவைத்த பொம்மைகளைக் குறித்து இன்றிரவே உங்கள் பிள்ளைகளை அழைத்துக் கேளுங்கள். கண் உறுதியாக இருக்கிறதா, தையல் பிரிந்திருக்கிறதா, கைக்குழந்தையின் தொட்டிலுக்குள் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். சந்தேகம் என்றால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஜெபிப்போம். எங்கள் பரம பிதாவே, எங்கள் பேரப்பிள்ளைகளை உம் செட்டைகளின் நிழலில் காத்தருளும். நாங்கள் கொடுக்கும் எதுவும் அவர்களுக்குத் தீங்காகாதபடி எங்கள் கண்களுக்கு விழிப்பையும் கைகளுக்குப் பொறுமையையும் தாரும். இயேசுவின் நாமத்தில் ஆமென்.

ஆண்டவரின் பணியில்,
உங்கள் ஆயர்
வாடிப்பட்டி